வெளிச்சக்கூடு: ஒரு சொல்லின் பொருளும் வழக்கும்

விளக்கைக் குறிக்கும் சொற்களுக்குத் தமிழில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அகல்விளக்கு, குத்துவிளக்கு, தூக்குவிளக்கு, சரவிளக்கு, தூண்டாமணிவிளக்கு, நந்தாவிளக்கு என அவற்றை அடுக்கிக்கொண்டே செல்லலாம். இவை யாவும் விளக்கு என்னும் சொல்லில் முடிவன. அவ்வாறன்றிக் கூடு என்னும் சொல்லில் முடியும் ஒளிப்பொருள் ஒன்று ஈழத்துத் தமிழில், சிறப்பாகக் கொழும்புத் தமிழில், வழங்குகின்றது. அதுவே வெளிச்சக்கூடு. தமிழகத்துப் படிப்பாளி ஒருவர் இச்சொல்லைக் கண்டால் ஒரு கணம் தயங்குவார். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வளர்ந்த பிள்ளைக்கு அது விளக்கமே வேண்டாத சொல். வெசாக் காலத்தில் வாயில்தோறும், மாடிமுகப்புத்தோறும், தெருவின் குறுக்கே கட்டிய கயிறுதோறும் தொங்கும் கடதாசிக் கூடுகளே அப்பெயர் பெறுவன. பேச்சில் அது வெசாக் கூடு எனவும், வெறுமனே கூடு எனவும் சுருங்கும்.

இச்சொல்லை எழுதத் தயங்குவோரும் உளர். கூடு என்பது இங்கே சிங்களச் சொல் என்றும், தமிழெழுத்தில் அதனை இடுதல் தகாது என்றும் கருதி, அலங்கார விளக்கு, ஒளிக்கூண்டு எனப் பிறவற்றை நாடுகின்றனர். இவ்வெண்ணம் எங்கிருந்து பிறந்தது என்பதை உணர்வது அரிதன்று. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் தமிழர் வீடுகள் எரிந்தன. அந்நினைவுடையோர் தம் வாயிற் புழங்கும் சொற்களிலும் எது தமது, எது பிறரது எனப் பிரித்துப் பார்க்க முற்படுதல் இயல்பே. ஆனால் சொல்லாராய்ச்சி இயல்பின்வழி நடப்பதன்று, சான்றின்வழி நடப்பது. இச்சொல்லின் சான்றுகளோ வேறு கதை கூறுகின்றன.

சிங்களத்தில் இப்பொருளின் ஒருமைப் பெயர் கூடுவ. பன்மைப் பெயர் கூடு. உயிரில்பொருட் பெயர்களில் ஒருமை நீண்டும் பன்மை குறுகியும் நிற்றல் சிங்களத்திற் பெருவழக்கு. தமிழில் இதற்கு நேர்மாறாக ஒருமை குறுகியது, பன்மை கள் விகுதி பெற்று நீள்வது. ஆகவே சிங்களவர் பலவற்றைச் சுட்டி வெசக் கூடு என்பதும், தமிழர் ஒன்றைச் சுட்டி வெசாக் கூடு என்பதும் செவிக்கு ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கும். அயலவர் இருவர் ஒரே கூட்டினடியில் நின்று ஒரே சொல்லைச் சொல்கையில், ஒருவர் பன்மை கூற மற்றவர் ஒருமை கூறுகின்றார்! கூடுவ என்னும் சொல்லுக்குச் சிங்களத்தில் பறவைக்கூடு, கூண்டு என்னும் பொருள்களும் உண்டு. தமிழிலிருந்து சிங்களம் ஏற்ற சொற்களின் வரிசையில் இதனை வைப்பர். கடை என்பது கடே ஆனதைப் போலக் கூடு என்பது கூடுவ ஆயிற்று.

இனி, சொல் மீண்டும் தமிழுக்கு வந்தபோது வேற்றுமொழிச் சொல்லாக வந்ததா என்பதை அறிய இலக்கணமே தக்க கருவி. கூடு என்பது நெடிற்றொடர்க் குற்றியலுகரம். வீடு வீட்டை, வீட்டில் என ஆதல்போலக் கூடு வேற்றுமை ஏற்கும்போது டகரம் இரட்டிக் கூட்டை, கூட்டில் என ஆகும். அயன்மொழிச் சொற்களைத் தமிழர் இவ்வாறு எளிதில் வளைப்பதில்லை. ரேடியோவை ரேடியோவை என்றே கூறுவர். அதன் உடலைத் தொடுவதில்லை. வெசாக் கூட்டிலோ பள்ளிப் பிள்ளையும் பிழையின்றி டகரத்தை இரட்டிக்கின்றது. கூட்டை மழை நனைத்துவிட்டது, கூட்டுக்குள் விளக்கு வை என்று கூறும் நா, அச்சொல்லைத் தன் வீட்டுச் சொல்லாகவே அறிந்திருக்கின்றது. கூடுவவை என்று கூறும் தமிழர் எவருமிலர்.

இதிலொரு வேடிக்கையும் உண்டு. வெசாக் கூடு என்னும் தொடரில் அயற்சொல் எனத் தக்கது கூடு அன்று, வெசாக் என்பதே. வடமொழி வைசாகமும் பாளி வேசாகமும் சிங்களத்தில் வெசக் ஆகி, அங்கிருந்து தமிழுக்கு வெசாக் என வந்தது. அதே வைசாகம் பன்னெடுங்காலத்துக்கு முன்னரே தமிழில் வைகாசி ஆயிற்று. அதனோடு உறவுடைய விசாகம் முருகப்பெருமானுக்குரிய நாளாயிற்று. ஆகவே ஒரு சொல் இங்கிருந்து சென்று திரும்பிற்று. மற்றது முன்னரே ஒருமுறை வந்திருந்தும் வேறு உடையில் மறுமுறை வந்தது. ஐயுற வேண்டிய பாதியை ஐயுறாது, ஐயுற வேண்டாத பாதியை ஐயுறுவது முறையாகுமா?

வெளிச்சம் என்னும் முன்மொழியையும் சற்றே நோக்குதல் வேண்டும். அதன் அடி வெளி. அடைப்பின்மை, திறப்பு, விரிவு என்பன அவ்வடியின் பொருள்கள். இருளால் மூடுண்டதைத் திறந்து வெளியாக்குவது வெளிச்சம். கூடு என்பதோ சூழ்ந்து மூடுவது. எனவே வெளிச்சக்கூடு என்னும் சொல்லில் திறப்பும் அடைப்பும் ஒருங்கே நிற்கின்றன. ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும் பொருளின் இயல்பை இதனினும் செவ்வையாகக் கூறுதல் அரிது. அடைப்பதனாலேயே அங்கு ஒளி அழகாகின்றது.

எங்ஙனமெனிற் கூறுதும். திறந்த சுடரிலிருந்து வரும் ஒளி ஒரு சிறு புள்ளியிலிருந்து புறப்படுவது. அது கண்ணைக் கூசச் செய்யும். கூரிய நிழல்களை வீழ்த்தும். அச்சுடரைச் சுற்றி மெல்லிய கடதாசியை நிறுத்தினால், அதன் இழைகளிற் பட்ட ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். அப்போது சுடர் கண்ணுக்கு மறைய, கடதாசியின் முகம் முழுவதுமே ஒளிமுதலாகிவிடும். பார்ப்பவர் விளக்கைக் காண்பதில்லை, கூட்டையே காண்கின்றார். மொத்த ஒளியிற் குறைவு நேர்வது மெய்யே; நிறக் கடதாசியாயின் அக்குறைவு பின்னும் மிகும். வெளிச்சக்கூட்டின் கீழமர்ந்து எவரும் நூல் படிப்பதில்லை. அது பிற பொருள்களைக் காட்டுவதற்காக அமைந்ததன்று, தன்னைக் காட்டுவதற்காக அமைந்தது. விளக்குக்கும் கூட்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டின் உயிர்நிலை இங்கேயே உள்ளது.

பழந்தமிழர் அலங்கார விளக்குகளை அறியாதவரல்லர். நெடுநல்வாடையில் அரண்மனை அந்தப்புரத்தில் யவனர் செய்த பாவை தன் கையில் அகலேந்தி நிற்கின்றது. முல்லைப்பாட்டிலும் பாவை விளக்கு வருகின்றது. பெரும்பாணாற்றுப்படை யவனரின் ஓதிம விளக்கைக் கூறுகின்றது. ஓதிமம் என்பது அன்னம். பதிற்றுப்பத்தில் பாண்டில் விளக்கு உண்டு. இவற்றிலெல்லாம் அழகு விளக்கைத் தாங்கும் உருவத்தில் அமைந்தது. சுடர் திறந்தே எரிந்தது. கோயில்களில் இன்றும் அவ்வாறே. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கியெடுத்த பொன்னம்பலவாணேசர் கோயிலில், தூண்டாமணிவிளக்கின் சுடரைக் கடதாசியால் மூட எவரும் எண்ணார். அங்கே சுடரே வழிபடப்படுவது. யாழ்ப்பாணத்துக் கார்த்திகை விளக்கீட்டிலும் தீபம் வெறுஞ்சுடராகவே வாயிலில் நிற்கும். சுவரிற் குடைந்த விளக்குமாடம் காற்றைத் தடுப்பதாயினும் முன்புறம் திறந்திருக்கும். நாற்புறமும் மூடிய, தூக்கிச் செல்லவும் தொங்கவிடவும் ஆகின்ற மனை வேறு வகையானது. அதற்கு வேறு பெயர் வேண்டியிருந்தது.

வினைச்சொற்களும் இதனையே மெய்ப்பிக்கின்றன. விளக்கு ஏற்றப்படும் அல்லது கொளுத்தப்படும். அணைக்கையில் யாழ்ப்பாண வழக்கில் நூர்க்கப்படும். கூடு கட்டப்படும், தூக்கப்படும், மழை வந்தால் இறக்கப்படும். கூடு ஏற்றினான் என்று சொல்வாரில்லை. ஒரு சொல் எவ்வினையோடு கூடி வாழ்கின்றது என்பதே அதன் பொருளுக்கு அகராதியினும் சிறந்த சான்று. அலங்கார விளக்கு என மாற்றி எழுதுவோர் இவ்வினைகளையெல்லாம் இழக்கின்றனர். அலங்கார விளக்கைக் கட்டினான் என்றால் அது கயிற்றிற் பிணித்த மின்குமிழாகிவிடும். ஒளிக்கூண்டு என்பதோ கம்பிகளுக்கிடையே உள்ளிருப்பது தெரியும் அடைப்பையே நினைப்பிக்கும். கிளி கூண்டில் இருக்கும். குருவி கூட்டில் இருக்கும். முன்னது சிறை, பின்னது மனை.

பிற மொழிகள் இப்பொருளை எவ்வாறு பெயரிட்டன என்பதும் அறியத் தக்கது. ஈழத் தமிழில் வழங்கும் லாந்தர் ஐரோப்பியர் வழி வந்தது. அதன் மூலமாகிய கிரேக்கச் சொல் ஒளிர்தல் என்னும் வினையடியிற் பிறந்தது. மராட்டியர் தீபாவளிக் காலத்தில் வீட்டின் முன் உயரத் தூக்கும் ஆகாச கந்தில் என்பதிலுள்ள கந்தில், அரபு வழியாக இலத்தீனத்தின் மெழுகுவர்த்திப் பெயரைச் சென்று சேரும். இவையெல்லாம் சுடர்நோக்கிப் பிறந்த பெயர்கள். சீனர் மட்டும் தெங்லோங் என்கின்றனர். தெங் என்பது விளக்கு. லோங் என்பது மூங்கிலாற் பின்னிய கூடு, கூண்டு. கடதாசி விளக்குக் கலையிற் பேர்பெற்ற அந்நாட்டார் இட்ட பெயரும் கொழும்புத் தமிழர் வழங்கும் பெயரும், ஒன்றையொன்று அறியாமலே, உறுப்புக்கு உறுப்பு ஒத்திருக்கின்றன. மூங்கிலைப் பிளந்து கட்டும் கைகளுக்கு முதலில் தோன்றுவது சுடரன்று, கூடே என்பதனால் போலும்.

கொழும்புத் தெருக்களில் இக்கூடுகள் பெருவாரியாகத் தோன்றியதன் வரலாற்றில் கொட்டாஞ்சேனைக்குத் தனியிடம் உண்டு. 1883 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, மார்ச்சு 25 ஆம் நாள், அங்குப் பௌத்த ஊர்வலமொன்று தொடர்பாகப் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்குமிடையே கலகம் மூண்டது. பௌத்தர் தம் முறையீட்டைக் குடியேற்ற அரசுக்கு எடுத்துரைக்க அமைப்புக் கண்டனர். கேணல் ஒல்கொட் 1884 இல் இலண்டன் சென்று அவர்கள் சார்பில் வாதாடினார். அதன் விளைவுகளுள் ஒன்றாக 1885 இல் வெசாக் பூரணை பொது விடுமுறையாயிற்று. அவ்வாண்டின் வெசாக் நாளிலேயே, பாணந்துறை வாதத்தாற் புகழ்பெற்ற மிகெட்டுவத்தே குணானந்த தேரர் வாழ்ந்த கொட்டாஞ்சேனைத் தீபதுத்தமாராம விகாரையிற் பௌத்தக் கொடி முதன்முதல் ஏற்றப்பட்டது. வெசாக் நாளில் விளக்கேற்றும் வழக்கம் அதனினும் மிகத் தொன்மையானது. எனினும் நகரமெங்கும் வீதியில் இறங்கிக் கொண்டாடும் பெருவிழாவாக அது வளர்ந்தது அவ்விடுமுறைக்குப் பின்னரே. ஊர்வலத்தின் பொருட்டுக் கலகம் மூண்ட அதே சுற்றுவட்டாரத்தில், சென். லூசியாள் பேராலயமும் விகாரையும் சிவன்கோயிலும் நடந்து செல்லும் தொலைவில் நிற்கின்றன. அத்தெருக்களில் வாழ்ந்த தமிழர் அயலவரின் கூட்டைத் தம் சொல்லாற் பெயரிட்டழைத்தது எவ்வகையிலும் வியப்பன்று.

கூட்டினைக் கட்டும் முறை சொல்லுக்கு மேலும் துணை நிற்கின்றது. பெருவழக்கான வடிவத்தைச் சிங்களவர் அட்டபட்டம என்பர். எட்டுப்பட்டை என அதனைத் தமிழாக்கலாம். மூங்கிலை மெல்லிய சிம்புகளாகச் சீவி, ஒத்த அளவில் 24 துண்டுகள் நறுக்குவர். நான்கு நான்காகக் கட்ட 6 சதுரங்கள் அமையும். அச்சதுரங்களை மூலைக்கு மூலை பிணித்தால், எவரும் கட்டாமலே அவற்றிடையே 8 முக்கோணங்கள் தாமே பிறக்கும். வடிவகணித வகுப்பிற் பல நாள் கூறியும் விளங்காத திண்மம் ஒன்று, ஒரு மாலைப்பொழுதில் பிள்ளைகளின் கைகளில் எழுந்துவிடும். பின்னர் மெல்லிய நிறக் கடதாசி ஒட்டி, முகங்களில் வெட்டுப்பூ வேலை செய்து, கீழே வால்கள் தொங்கவிடுவர். மேற்சதுரம் திறந்திருத்தல் வேண்டும். இல்லையேல் சுடுகாற்று வெளியேறாது கடதாசி கருகும். உள்ளே தேங்காயெண்ணெய் அகலோ மெழுகுதிரியோ எரிந்த காலத்தில் இவ்விதியை மறந்தவரின் கூடு அன்றிரவே சாம்பலாயிற்று.

அச்சுடுகாற்றையே வேலை வாங்கிய கூடுகளும் உண்டு. உட்புறம் இலகுவான உருளை ஒன்றை ஊசிமுனையில் நிறுத்தி, அதன் உச்சியில் சாய்ந்த கடதாசி இதழ்களை அமைத்தால், மேலெழும் வெப்பக்காற்று அவற்றைத் தள்ள உருளை சுழலும். அதில் ஒட்டிய யானையும் குதிரையும் வெளிக்கடதாசியில் நிழலாய் வலம் வரும். இன்று கூட்டினுள் வைக்கப்படும் எல்.ஈ.டி. மின்குமிழ் மிகக் குறைந்த வெப்பமே தருவது. கடதாசிக்கு அது நன்மை. சுழலும் கூட்டுக்கோ அது பகை. ஆகவே சுழலவேண்டிய கூடுகளுக்குச் சிறு மோட்டார் வைக்கின்றனர். பேரை வாவியைச் சூழ்ந்து அமைக்கப்படும் காட்சிகளிற் காணும் பெருங்கூடுகள் இவ்வகையின.

கூடு என்பதை ஒளியோடு சேர்த்து வழங்குதல் கொழும்புக்கே உரிய தனிவழக்கும் அன்று. நாகூர் தர்காவின் கந்தூரி விழாவில் நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வருவது சந்தனக்கூடு. அதுவும் விளக்குகளால் அணிசெய்யப்பட்டு இரவில் உலாவரும் கூடே. ஈழத்திலோ நேரங்காட்டும் கருவிக்கும் மணிக்கூடு என்றே பெயர். தமிழகத்தார் அதனைக் கடிகாரம் என்பர். மணிக்கு ஒரு கூடு, வெளிச்சத்துக்கு ஒரு கூடு என இரு சொற்களும் ஒரே அச்சில் வார்த்தவை. கலங்கரை விளக்கத்தை ஈழத்தார் வெளிச்சவீடு என்பதும் இக்குடும்பத்ததே. கொழும்புக் கோட்டையில் 1857 இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் 1867 முதல் 1952 வரை கப்பல்களுக்கு ஒளிகாட்டியது. ஒரே கட்டடம் மணிக்கூடாகவும் வெளிச்சவீடாகவும் 85 ஆண்டுகள் நின்றது. இத்தகைய சொற்களை நாள்தோறும் ஆளும் மக்கள் வெளிச்சக்கூட்டை வேற்று மொழியிலிருந்து இரவல் வாங்கவேண்டிய தேவை யாது?

வெசாக்கின் மற்றைய பேரலங்காரத்தை இதனோடு மயக்கலாகாது. புத்தரின் முற்பிறப்புக் கதைகளை ஓவியப் பலகைகளில் தீட்டி, ஆயிரக்கணக்கான நிறக்குமிழ்களை மாறி மாறி ஒளிரச் செய்து தெருவோரம் உயர்த்தும் அமைப்பு கூடு அன்று. சிங்களத்தில் அது தோரண. வடமொழித் தோரணமே அது. இலங்கை ஆங்கிலத்திலோ அதன் பெயர் பந்தல்! தமிழ் ஏடுகள் வெசாக் பந்தல் எனவும் வெசாக் தோரணம் எனவும் இருவகையாகவும் எழுதுகின்றன. மாவிலைத் தோரணத்தையே அறிந்த வீடுகளில் பந்தல் என்பதே தெளிவு தருவது. அங்கே ஒளி புறத்தே எரிந்து ஓவியத்தைக் காட்டும். கூட்டில் அது உள்ளே மறைந்து கூட்டையே ஒளியாக்கும். ஆடிவேல் விழாவில் செட்டியார்தெருவிலிருந்து காலிவீதி வழியே வெள்ளித்தேர் வருகையில் இருமருங்கும் எரியும் விளக்கு வரிசைகளும் கூடுகளல்ல.

இறுதியாக எழுத்துவழக்குப் பற்றி ஒன்று. வெசாக் கூடு என்பதே போதுமாயிருக்க, நீண்ட வெளிச்சக்கூடு எதற்கு என வினவலாம். சங்கங்களும் பாடசாலைகளும் கூடு கட்டும் போட்டிகளை அறிவிக்குங்கால் அதன் பயன் புலப்படும். வெசாக் கூட்டுப் போட்டி என இலக்கணப்படி எழுதினால், பலர் ஒன்றுகூடி நடத்தும் கூட்டுப் போட்டி என்றே முதலிற் பொருள்படும். அதற்கஞ்சி வெசாக் கூடு போட்டி என ஒற்றையும் இரட்டலையும் கைவிட்டு எழுதுவோர் உளர். வெளிச்சக்கூட்டுப் போட்டி என்று எழுதிவிட்டால் இலக்கணமும் வழுவாது, பொருளும் மயங்காது. பரிசு எதற்கு என்பதும் பிள்ளைகளுக்கு விளங்கும்.